தெரியாமலிருக்கும் உரிமை

தெரியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் பாட்டி சொல்வாள். கோயிலில் குருக்கள் சொல்வார். வாத்தியார் நல்லவராக வாய்த்துவிட்டால் அவரும் சொல்வார். பிழைகளில் இரண்டே ரகம்தான் உண்டு, தெரிந்து செய்தது ஒன்று, தெரியாமல் செய்தது மற்றொன்று என்று நானும் நாற்பது வயது வரையில் நிம்மதியாக நினைத்துக் கொண்டிருந்தேன். மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது எந்தச் சாஸ்திரமும் அல்ல. ஒரு பழைய வண்டியின் கியர் பெட்டி.

கதை எழுதுகிறவனுக்குக் கியர் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒன்றும் தெரியாதுதான். சைக்கிள் செயின் கழன்றால் கையில் கரி படிய மாட்டத் தெரியும். அதற்கு மேல் போனால் கடைக்காரனைத் தேடுகிறவன் நான். ஆனாலும் அந்த வண்டியின் விஷயத்தில் நான் ஒரு சாட்சி. வெறும் சாட்சி மட்டும்தானா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

2016-ம் வருஷக் கோடையில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக்கு மேற்கே கேட்டி என்னும் ஊரில் என் தங்கை வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறவர். தங்கமான மனிதர். ஊரிலிருக்கும் தம் தகப்பனாருக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர். என் தங்கை தலைவலி என்றால் தாமே ரசம் வைத்து இறக்குகிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு யாரும் அவரைப் பொல்லாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. பொல்லாதவர்களைப் பற்றிய கேள்வியாக இருந்தால் அது இத்தனை நாள் என்னை உறுத்தியிராது.

அந்த வீட்டில் ஒரு காரும் ஒரு பிக்-அப் வண்டியும் இருந்தன. பிக்-அப் என்றதும் நம் ஊரில் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைகிற குட்டி வண்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது. டெக்சாஸ்காரர்களின் பிக்-அப் முன்பக்கம் ஒரு பெரிய கார். பின்பக்கம் ஒரு மாட்டு வண்டியின் சுமையை ஏற்றக்கூடிய திறந்த தொட்டி. பதினைந்து வருஷத்துப் பழசு, மாப்பிள்ளை மூன்றாம் கையாக வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில்தான் எங்களை ஏற்றிக்கொண்டு பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் புறப்பட்டார். நான் மதுரைக்காரன், கடல் கடந்து வந்தும் அவள் சந்நிதியில் நிற்கப் போகிறோம் என்ற பூரிப்பில் உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே இறங்கி, ஒரு சிக்னலில் நின்று புறப்பட்டபோது பின்னாலிருந்து யாரோ மோதியது போல ஒரு அடி விழுந்தது. தேங்காய்ப் பை மடியிலிருந்து உருண்டது. நான் பதறித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"ஒண்ணுமில்லே மச்சான்" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "சூடேறினா ஒண்ணாவது கியர்லேருந்து ரெண்டாவதுக்குப் போறப்ப இப்படி ஒரு உதை உதைக்கும். அணைச்சுப் போட்டா சாதுவாயிடும்."

அவர் சொன்னபடியே நடந்தது. தரிசனம் முடிந்து திரும்புகையில் வண்டி பசுவைப் போலப் புறப்பட்டது. வீட்டை நெருங்கும்போது, நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மறுபடியும் உதை. அவர் முன்னால் இருந்த பலகையில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "அது என்ன விளக்கு?" என்று கேட்டேன். "அது சும்மா எரியும்" என்றார்.

மஞ்சள் விளக்கு சும்மா எரிவதில்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் தானாக மாறும் கியரைப் பற்றி நான் அறிந்துகொண்ட கொஞ்சத்தைச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர் லாரி டிரைவர்கள் இடது காலால் கிளட்சை மிதித்து, கையால் கியரைத் தள்ளுவதை நாம் பார்த்திருக்கிறோம். கியர் பெட்டியில் என்ன கோளாறு வந்தாலும் அந்தக் காலுக்கும் கைக்கும் முதலில் தெரிந்துவிடும். இந்தத் தொல்லையே இல்லாமல் வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939-ம் வருஷத்தில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'ஹைட்ரமேட்டிக்' என்பது அதற்கு வைத்த பெயர். அதற்குப் பிறகு அமெரிக்கர்களின் இடது காலுக்கு வேலை போயிற்று. அந்தக் காலோடு சேர்ந்து ஒரு அறிவும் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போதுள்ள தானியங்கிப் பெட்டியில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் பாலம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால் அந்தக் காற்றில் மற்றொன்றும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஆனால் காற்றடித்துச் சுழலும் விசிறி முதல் விசிறியைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். அந்தக் கொஞ்சம் வீணாகாமலிருக்க, வண்டி நெடுஞ்சாலை வேகத்தை எட்டியதும் உள்ளேயிருக்கும் ஒரு கிளட்ச் இரண்டையும் இறுகப் பிணைத்துவிடும். எப்போது பிணைப்பது, எப்போது விடுவிப்பது, எந்தக் கியருக்கு எவ்வளவு எண்ணெய் அழுத்தம் என்பதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அலுமினியக் கட்டி ஒன்றில் குடைந்த துளைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் முன்னும் பின்னும் ஓடி, அந்த உத்தரவை நிறைவேற்றுகின்றன. இவ்வளவு தெரிந்தால் நம் கதைக்குப் போதும்.

மாப்பிள்ளை முதலில் ஒரு பெரிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். குளிர்சாதனம் போட்ட அறையில் காப்பி கொடுத்து உட்கார வைத்தார்கள். அந்த நாட்டில் 1996 மாடலிலிருந்து விற்கிற எல்லாக் கார்களிலும் இந்த மாதிரி வண்டிகளிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துவாரம் உண்டு. அதில் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகினால், வண்டி தன் நோயை ஒரு எழுத்தும் நாலு இலக்கமுமாகச் சொல்லிவிடும். செருகினார்கள், எண் வந்தது. 'கியர் பெட்டிக்குள் ஏதோ நழுவுகிறது' என்று அதற்குப் பொருள். யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. ஆயிலைத் தொட்டுப் பார்க்கவில்லை. முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும், 3,200 டாலர் ஆகும் என்று அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் இதையேதான் சொல்றானுங்க. கொள்ளைக்காரப் பசங்க" என்று மாப்பிள்ளை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். வண்டியை விற்றுவிடுவதென்று தீர்மானித்து விளம்பரமும் கொடுத்தார். விலை 4,500 டாலர்.

என் தங்கைக்கு மனசு கேட்கவில்லை. அந்த வண்டியில் பாதி நாள் போய் வருகிறவள் அவள்தான். "வாங்கண்ணே, இன்னொருத்தர்கிட்டேயும் காட்டிட்டு வந்துடலாம்" என்று என்னை அழைத்துக்கொண்டு ஒரு சின்னப் பட்டறைக்குப் போனாள். அங்கே இருந்தவர் வியட்நாமிலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழவர். காப்பி கிடையாது. உட்கார ஒரு ஸ்டூல் போட்டார்.

அவர் முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. என் தங்கையிடம் கேள்விகள் கேட்டார். காலையில் உதைக்கிறதா, சூடான பிறகா? எந்தக் கியரில்? அணைத்துப் போட்டால் போய்விடுகிறதா? எத்தனை மைல் ஓடினால் திரும்பி வருகிறது? நம் ஊர் நாட்டு வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டே, ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பாரே, அந்த மாதிரி. பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஆயில் குச்சியை உருவி ஒரு வெள்ளைத் தாளில் துடைத்தார். செக்கச் செவேலென்று இருந்தது. முகர்ந்து பார்த்து, என்னையும் முகரச் சொன்னார். "தீய்ந்த வாசனை இல்லை. கிளட்ச்சுகள் இன்னும் எரியவில்லை" என்றார்.

அதற்கப்புறம்தான் ஸ்கேனரைச் செருகி, எங்களையும் ஏற்றிக்கொண்டு ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே ஓட்டினார். அரை மணி நேரமாயிற்று. 55 மைல் வேகத்தில் வலது காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை லேசாகத் தட்டினார். கன்வெர்ட்டரின் கிளட்ச் இறுகப் பிடித்திருந்தால், பிரேக்கைத் தொட்டதும் அது விடுபட்டு என்ஜின் முள் மேலே துள்ள வேண்டுமாம். முள் அசைந்தும் அசையாமலும் இருந்தது. கிழவர் என்னைப் பார்த்து, "சரியாகப் பிடிக்காத கையை எப்படி விடுவிக்க முடியும்?" என்றார். ஸ்கேனரும் அதையே சொல்லிற்று: பிணைந்து ஒன்றாகச் சுற்ற வேண்டிய இரண்டுக்கும் நடுவே நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்று வித்தியாசம் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பி வந்து விளக்கினார். அடி விழுவது இரண்டாவது கியரில். நோய் அங்கே இல்லை. கன்வெர்ட்டரின் கிளட்சுக்கு எண்ணெயை அளந்து அனுப்பும் வால்வு ஓடி ஓடி, அது ஓடும் அலுமினியத் துளை தேய்ந்துபோயிருக்கிறது. இந்த ரகப் பெட்டியில் இது அடிக்கடி வருகிற கோளாறு. தேய்ந்த இடத்தில் எண்ணெய் கசிய, அழுத்தம் குறைந்து கிளட்ச் நழுவுகிறது. கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொள்கிறது. மற்றக் கிளட்ச்சுகளும் நழுவி எரிந்துவிடுமோ என்று பயந்து, பெட்டி முழுவதற்கும் எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. அந்த உச்ச அழுத்தத்தில் இரண்டாவது கியர் விழும்போதுதான் நமக்கு உதை. என்ஜினை அணைத்துப் போட்டால் அதற்குப் பயம் மறந்துபோகிறது. மறுபடி நழுவும் வரையில் சாது.

ஆக, நாங்கள் நோய் என்று நினைத்தது நோயே அல்ல. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வைத்தியம். இதைக் கேட்டபோது எனக்குச் சில மனிதர்களின் ஞாபகம் வந்தது. காரணமில்லாமல் சிடுசிடுப்பவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்த எத்தனை பேருக்கு உள்ளே வேறெங்கோ ஒரு பிடி நழுவிக்கொண்டிருந்ததோ!

கிழவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நான் இன்னமும் மறக்கவில்லை. அதில் மூன்று பகுதிகள் இருந்தன. 'நான் பார்த்தது' என்று ஒன்று: ஆயில் நிறம், முள்ளின் அசைவு, ஸ்கேனரின் கணக்கு. 'நான் ஊகிப்பது' என்று இரண்டாவது: தேய்ந்த துளை. 'நான் இன்னும் பார்க்காதது' என்று மூன்றாவது: அடித்தட்டைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தால்தான் நிச்சயம். ஊகம் சரியானால், துளையைச் சீவிப் பெரிதாக்கிக் கொஞ்சம் பருமனான வால்வைப் போட்டுவிடலாம், 600 டாலருக்குள் முடியும். இப்படியே விட்டு ஓட்டினால், அதிலும் பின்னால் சுமை வண்டியைக் கட்டி இழுத்தால், கிளட்ச் எரிந்து அந்தக் கசடு ஆயிலில் கலந்து, முழுப் பெட்டியும் போய்விடும். வந்ததற்குக் கூலி 110 டாலர் வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணையும் ரிப்பேர் பண்ணலே, சும்மா பாத்ததுக்கா 110 டாலர்?" என்றார் மாப்பிள்ளை சாயங்காலம். நாமும் இப்படித்தான். ஊசி போடாத, மாத்திரை கொடுக்காத டாக்டருக்குப் பணம் கொடுக்க நமக்குக் கை வராது. செய்ததற்குக் கூலி உண்டு. பார்த்ததற்குக் கூலி இல்லை என்பது நம் கணக்கு. உலகத்தில் நடக்கிற அநியாயத்தில் பாதி, பார்க்க வேண்டியவர்கள் பார்க்காததால் நடக்கிறது என்று எண்ணினால், பார்ப்பதைப் போலப் பெரிய வேலை வேறு இருக்கிறதா?

தங்கை தாளை நீட்டினாள். மாப்பிள்ளை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். எங்கிட்டே அதைச் சொல்லாதே. மச்சான், நீங்களே வச்சுக்குங்க அந்தத் தாளை."

"ஏன் மாப்பிள்ளை?"

"தெரிஞ்சுட்டா வாங்க வர்றவன்கிட்டே சொல்லியாகணும். சொன்னா விலை இறங்கும். சொல்லாம வித்தா அது ஏமாத்து. தெரியாமலே இருந்துட்டா நான் பொய் சொன்னவன் ஆகமாட்டேனில்லே?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நாட்டில் பழைய வண்டியை விற்கிறவர்கள் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். பிறகு வண்டி நடுவழியில் நின்றாலும் வாங்கியவன் பாடு. ஆனால் தெரிந்த குறையை மறைத்து ஏமாற்றினான் என்று ருசுவானால் அந்தக் கையெழுத்து விற்றவனைக் காப்பாற்றாது. ஆகவே தெரியாமலிருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியத்தை அவர் இழக்க விரும்பவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் ஒரு இளைஞன் வந்தான். மெக்ஸிகோக்காரன். வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுகிற தொழில். மனைவியும் ஒரு சின்னப் பெண் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். புல் வெட்டும் இயந்திரங்களை ஏற்றிய சுமை வண்டியைப் பின்னால் கட்டி இழுப்பதற்குத்தான் அவனுக்கு இந்தப் பிக்-அப் வேண்டுமாம். மாப்பிள்ளை முன் தினமே இருபது டாலர் கருவி ஒன்றைச் செருகி, மஞ்சள் விளக்கை அணைத்திருந்தார். விருந்தாளி வரும் வீட்டில் ஒட்டடை அடிப்பது போல அவ்வளவு இயல்பாக அதைச் செய்தார்.

"ஏதாவது கோளாறு உண்டா?" என்று இளைஞன் கேட்டான்.

"எனக்குத் தெரிந்து பெரிய கோளாறு எதுவும் இல்லை" என்றார் மாப்பிள்ளை.

இளைஞன் தெருக்களைச் சுற்றி வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனான். பத்து நிமிஷம். அந்த வண்டி உதைப்பதற்கு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவன் மனைவி வாசல் நிழலில் நின்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். நானும் புன்னகை செய்தேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. இளைஞன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். 500 டாலரை எண்ணி முன்பணம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மீதியோடு வருவதாகச் சொல்லிப் போனான்.

நான் ஏன் பேசவில்லை? விருந்தாளி, தங்கையின் குடும்ப விஷயம், வண்டி என்னுடையதல்ல, என்னை யாரும் கேட்கவில்லை. எத்தனை காரணங்கள்! மனசாட்சிக்கு ஒரு வக்கீல் போதாதென்று நாம் நாலு வக்கீல்களை அமர்த்திக்கொள்கிறோம்.

அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எப்போதோ படித்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1877-ல் எழுதியது. கப்பல்காரன் ஒருவன். அவனுடைய கப்பல் பழசு. பலமுறை பழுது பார்த்தது. பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாக வேறு தேசம் போகிறவர்களை அதில் ஏற்றி அனுப்பப் போகிறான். கப்பல் தாங்குமா என்ற சந்தேகம் அவனுக்கு எழுகிறது. பரிசோதித்துப் பார்ப்பதென்றால் செலவு. ஆகவே அவன் தன் சந்தேகத்தோடு மல்லுக்கு நிற்கிறான். எத்தனை புயலைப் பார்த்த கப்பல்! தெய்வம் கைவிடுமா! மெள்ள மெள்ள, கப்பல் நல்ல கப்பல்தான் என்று மனப்பூர்வமாகவே நம்பத் தொடங்குகிறான். கப்பல் நடுக்கடலில் முழுகிப் போகிறது. அவன் குற்றவாளியா? அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினான். ஆனாலும் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்ட். அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை இல்லை. அந்த நம்பிக்கை விசாரித்துச் சம்பாதித்ததல்ல, சந்தேகத்தை அடக்கிச் சம்பாதித்தது. இதை எழுதியவர் 1870-ல் கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலித் தீவின் கரையோரம் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த வாதத்தில் கொஞ்சம் உப்புத் தண்ணீரும் கலந்திருப்பது தெரியும்.

இத்தனை தூரம் போவானேன்? மதுரைக்காரனான எனக்கு எங்கள் பாண்டியனின் கதை தெரியாதா? சிலப்பதிகாரத்தில் நெடுஞ்செழியன் கெட்டவன் அல்லன். நீதி தெரியாதவனும் அல்லன். தெரியாதவனாக இருந்தால் தவறு என்று கண்டதும் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டிருப்பானா? ராணியின் ஊடல் தீர்க்கப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. சிலம்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அந்த ஒரு நொடிச் சோதனை, கோவலன் உயிரோடிருந்தபோது நடக்கவில்லை. இறந்த பிறகு நடந்தது.

வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் முழுப் பெட்டிக்கும் மரண தண்டனை விதித்த பெரிய பட்டறை, பாண்டியன் செய்ததைச் செய்தது. தாளைக் கையால் தொடாமல் வண்டிக்கு விடுதலை கொடுத்த மாப்பிள்ளை, கப்பல்காரன் செய்ததைச் செய்தார். ஒருவர் பார்க்காமல் தண்டித்தார், மற்றவர் பார்க்காமல் மன்னித்தார் என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நான் சொன்ன மூன்றாவது ரகப் பிழை இதுதான். தெரிந்து செய்வதும் அல்ல, தெரியாமல் செய்வதும் அல்ல. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டு செய்வது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அறிவு வேண்டும். எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று தெரிந்தவனால்தான் அந்தப் பக்கம் திரும்பாமலிருக்க முடியும். 'எனக்குத் தெரிந்து' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மாப்பிள்ளை எவ்வளவு சிரமப்பட்டு ஒரு சுவரை எழுப்பியிருந்தார்!

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனிதன் வாழ முடியுமா? என் தாயார் கடைசி வருஷங்களில் ரத்தப் பரிசோதனைக்கு வர மாட்டேன் என்று சாதித்துவிட்டாள். "தெரிஞ்சு என்னடா ஆகப் போறது? இருக்கிற வரைக்கும் காப்பியைச் சர்க்கரை போட்டுக் குடிச்சுட்டுப் போறேன்" என்றாள். அவளும் தாளைத் தொட மறுத்தவள்தானே? அவள் செய்தது பிழை என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. என் தெரியாமைக்கு விலை கொடுக்கப் போகிறவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் தாயாரின் தெரியாமைக்கு அவளே விலை கொடுத்தாள். அது அவள் சொத்து, அவள் உரிமை. மாப்பிள்ளை அந்த வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டிருந்த வரையில், மஞ்சள் விளக்கைப் பார்க்காமலிருக்க அவருக்கும் உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தெரியாமையை 4,500 டாலருக்கு இன்னொருவன் தலையில் கட்டுகிற நிமிஷத்தில் அந்த உரிமை போய்விடுகிறது. நாம் தெரிந்துகொள்ள மறுத்ததற்கு, புல் வெட்டிச் சேர்த்த பணத்தை வேறொருவன் கொடுப்பதென்றால், அதற்குப் பெயர் அறியாமை அல்ல.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். மாப்பிள்ளை எழுந்திருக்கப் போனார். நான் தாளைப் பிரித்து உரக்கப் படித்தேன். பார்த்தது, ஊகிப்பது, பார்க்காதது மூன்றையும் படித்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதுக்கு ஆண்டவன் மூடி வைக்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். தங்கை பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். "எனக்கு இந்தத் தைரியம் வரலியேண்ணே" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

மறுநாள் காலையில் அவரே இளைஞனைப் போனில் கூப்பிட்டுப் பேசியது எனக்குக் கேட்டது. தாளில் இருந்ததையெல்லாம் சொன்னார். விலையில் 700 டாலர் குறைத்தார். முன்பணம் வேண்டுமானாலும் திருப்பித் தருவதாகச் சொன்னார். இளைஞன் வண்டியை எடுத்துக்கொண்டான். நேரே அந்தக் கிழவரின் பட்டறைக்கே போனான். மாப்பிள்ளை என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தாமே ரசம் வைத்து எனக்குப் பரிமாறினார். சில மாதம் கழித்து, புல் வெட்டும் இயந்திரங்களை இழுத்துக்கொண்டு அந்த வண்டி தன்னைக் கடந்து போனதைப் பார்த்ததாகத் தங்கை போனில் சொன்னாள்.

கப்பல் கரை சேர்ந்துவிட்டது. கதையாக இருந்தால் இங்கே முற்றும் போட்டுவிடலாம்.

ஆனால் கிளிஃபோர்ட் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். கப்பல் முழுகாமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்தக் கப்பல்காரனின் குற்றம் ஒரு துளியும் குறையாதாம். அகப்பட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் வித்தியாசமாம். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை இருந்தது. அந்தப் பெண் வாசல் நிழலில் நின்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்த பத்து நிமிஷம் இருந்தது. மாப்பிள்ளையாவது தெரியாமலிருக்கப் பாடுபட்டார். எல்லாம் தெரிந்து, தாளையும் பையில் வைத்துக்கொண்டு, பதிலுக்குப் புன்னகை செய்தவன் நான்.